கல்லைத் தூக்கிய பிறகு: இடிபாட்டிலிருந்து மீண்டவரின் உடலில் என்ன நடக்கிறது?

குண்டு விழுந்து இடிந்த கட்டடத்திலிருந்து ஒருவரை உயிரோடு வெளியே எடுக்கும் காட்சியைச் செய்திகளில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புழுதி அப்பிய முகம், ஸ்ட்ரெச்சர், சுற்றி நிற்பவர்களின் கைதட்டல். அத்தோடு காட்சி முடிந்துவிடும். "அப்பாடா, பிழைத்துவிட்டார்" என்று நாமும் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

அவருடைய உடலுக்குள் மிக ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. கல்லுக்கு அடியில் ஆறேழு மணி நேரம் கிடந்து, மீட்பவர்களோடு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர், கல்லைத் தூக்கிய சற்று நேரத்தில் இதயம் நின்று இறந்துபோகக்கூடும். அதைத் தாண்டிவிட்டாலும், சிறுநீரகம் செயலிழந்து ஒரு வாரத்தில் இறக்கக்கூடும். மருத்துவர்கள் இதை 'க்ரஷ் சிண்ட்ரோம்' என்கிறார்கள். நாம் 'நசுங்கல் நோய்' என்று வைத்துக்கொள்வோம்.

இதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. அத்தனை பேர் பாடுபட்டு வெளியே எடுத்த ஒருவர், எடுத்ததாலேயே இறப்பதா? ஆனால் தொடர்ந்து படித்தபோது ஒன்று புரிந்தது: இது தடுக்கக்கூடிய மரணம். தடுப்பதற்கு வேண்டிய முதல் பொருளும் சாதாரணமானதுதான். உப்பு கலந்த நீர், அதாவது சலைன். அதை எப்போது ஏற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

லண்டனில் கண்டது

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 செப்டம்பர் 7 அன்று தொடங்கி 1941 மே மாதம் வரை ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு போட்டன. முதல் இரண்டு மாதங்கள் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் தாக்குதல் நடந்தது. செங்கல் வீடுகள் மடமடவென்று சரிந்தன. இடிபாடுகளைத் தோண்டிய மீட்புக் குழுக்களில் பெரும்பாலோர் கட்டட வேலை தெரிந்தவர்கள்: கொத்தனார்கள், தச்சர்கள். எந்தச் சுவர் எதைத் தாங்கி நிற்கிறது, எந்த உத்திரத்தை எடுத்தால் மேலே இருப்பது கொட்டும் என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர்கள். கொஞ்ச நேரம் தோண்டுவார்கள். அப்புறம் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளே முனகலோ தட்டும் சத்தமோ கேட்கிறதா என்று காது கொடுப்பார்கள். இன்றைக்கு எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு மௌனமாகக் கேட்கும் அந்த வழக்கம் இடிபாட்டு மீட்பில் இன்னும் மாறவில்லை.

அப்படி மீட்கப்பட்டவர்கள் சிலர் லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். முப்பது வயதுக்காரர். பிற்காலத்தில் மூட்டுநோய் மருத்துவத்தில் பெரும் பெயர் பெற்றவர். அவர் கண்ட நோயாளிகள் எல்லோரும் ஒரே பாதையில் போனார்கள்.

வந்து சேரும்போது நிலைமை மோசமாகத் தெரியாது. பல மணி நேரம் பாரத்துக்கு அடியில் கிடந்த கால் அல்லது கை மரத்துப்போய், சற்று வீங்கியிருக்கும், அவ்வளவுதான். சில மணி நேரத்தில் அந்தக் கால் கல் போல விறைத்து வீங்கும். ரத்த அழுத்தம் சரியும். பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை ஏற்றினால் அழுத்தம் ஏறும், கண்டம் தாண்டிவிட்டது என்று தோன்றும். அடுத்து சிறுநீர் குறையத் தொடங்கும். கொஞ்சநஞ்சம் வருவதும் பால் விடாத தேநீர் நிறத்தில் வரும். ஒரு வாரத்துக்குள் நோயாளி இறந்துவிடுவார்.

பைவாட்டர்ஸும் அவரோடு பணியாற்றிய டெஸ்மண்ட் பீலும் இப்படிப்பட்ட நான்கு பேரின் விவரங்களை 1941 மார்ச்சில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டார்கள். இறந்தவர்களின் உடலை ஆராய்ந்தபோது நசுங்கிய தசை மீன் சதை போல வெளிறிக் கிடந்தது. சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களைப் பழுப்பு நிறப் பொருள் அடைத்திருந்தது. காலில் அடிபட்டவருக்குச் சிறுநீரகத்தில் ஏன் அடைப்பு? இந்த ஒரு கேள்விக்கான விடையில்தான் நசுங்கல் நோய் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதை அவர்களுக்கு முன்பே சிலர் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1908-இல் இத்தாலியின் மெஸ்ஸினா நிலநடுக்கத்துக்குப் பின் இது போன்ற மரணங்கள் பதிவாகின. முதல் உலகப் போரில் புதையுண்டு இறந்த வீரர்களைப் பற்றி செய்கோ மினாமி என்ற ஜப்பானிய மருத்துவர் 1923-இல் எழுதினார். ஆனால் அந்தக் குறிப்புகள் மறக்கப்பட்டுவிட்டன. லண்டனில் குண்டு விழுந்து, நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஒரு தசைச் செல்லுக்குள் போய்ப் பார்ப்போம்

நம் உடல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தசை. ஒவ்வொரு தசைச் செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வில் ஓயாமல் வேலை செய்யும் பம்புகள் இருக்கின்றன. அவை சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் உடலின் பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மிகச் சொற்பம், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். செல்லுக்குள்ளோ ஏறக்குறைய 140. இந்த வித்தியாசம் கலையாமல் இருக்கும்வரைதான் இதயம் ஒழுங்காகத் துடிக்கும்.

இப்போது அந்தத் தசை மீது ஒரு கான்கிரீட் பலகை விழுந்து அழுத்துகிறது. அழுத்தமே சவ்வைக் கிழிக்கிறது. ரத்தக்குழாய்களும் நசுங்குவதால் ஆக்சிஜன் வரத்து நிற்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் பம்புகளை ஓட்ட ஆற்றல் இல்லை. சோடியமும் கால்சியமும் நீரும் செல்லுக்குள் புகுந்து அதை ஊதவைக்கின்றன. தசை இதை இரண்டு மணி நேரம் போலத் தாங்கிக்கொள்ளும். நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகிவிட்டால் செல்கள் மீளமுடியாமல் சாகத் தொடங்கும். பாரம் மிக அதிகமாக இருந்தால், தொடை போன்ற பெரிய தசையாக இருந்தால், ஒரு மணி நேரத்திலேயே பாதிப்பு வரலாம்.

ஆனால் பலகை மேலே இருக்கும்வரை இந்த அழிவெல்லாம் அந்தக் காலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. ரத்த ஓட்டம் இல்லையே, எப்படி வெளியே வரும்? பாரமே ஒரு மூடிய மதகு போல நிற்கிறது. உள்ளே இருப்பவர் தெளிவாகப் பேசுவதற்கும், தண்ணீர் கேட்பதற்கும், "கால் மட்டும்தான் மரத்துப்போச்சு" என்று சொல்வதற்கும் காரணம் இதுதான்.

பலகையைத் தூக்கியதும் மதகு திறக்கிறது. ரத்தம் காலுக்குள் பாய்கிறது, அங்கே தேங்கியிருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு இதயத்துக்குத் திரும்புகிறது. முதலில் வருவது பொட்டாசியம். ரத்தத்தில் அது லிட்டருக்கு 6.5 மில்லிமோலைத் தாண்டினால் இதயத் துடிப்பின் தாளம் குலையும் அபாயம் பெரிது. ஈ.சி.ஜி.யில் ஓர் அலை கூடாரம் போலக் கூராக எழுவதை வைத்து மருத்துவர்கள் இதைக் கண்டுபிடிப்பார்கள். சில நிமிடங்களில் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது இதுதான்.

அதே நேரத்தில் இன்னொரு பக்கமும் சரிகிறது. சேதமான தசை பஞ்சு போல ரத்தத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பல லிட்டர் திரவம் இப்படி ஒரு காலுக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். வெளியே ஒரு சொட்டு ரத்தம் சிந்தியிருக்காது. ஆனாலும் ரத்தக்குழாய்களில் ஓடுவதற்குப் போதுமான திரவம் இல்லாமல் அழுத்தம் சரிந்துவிடும்.

மூன்றாவது எதிரி மெதுவாக வருவது. அதன் பெயர் மயோகுளோபின். தசைக்குச் சிவப்பு நிறம் தருவதும், ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருப்பதும் இந்தப் புரதம்தான். செல் உடைந்ததும் இது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. உடலில் நீர் போதுமானதாக இருந்தால் சிறுநீரோடு அடித்துக்கொண்டு போய்விடும். நீர் வற்றி, சிறுநீர் கெட்டியாகி, அமிலத்தன்மையும் கூடியிருந்தால், அந்த நுண்குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். அதிலுள்ள இரும்பு குழாயின் சுவர்ச் செல்களையும் கெடுக்கும். பைவாட்டர்ஸ் கண்ட தேநீர் நிறச் சிறுநீருக்கும் பழுப்பு அடைப்புக்கும் காரணம் இந்த மயோகுளோபின்தான்.

கல்லை நகர்த்துவதற்கு முன்

இவ்வளவையும் புரிந்துகொண்டால் சிகிச்சை தானாகவே விளங்கிவிடும். பொட்டாசியம் நீர்த்துப்போக வேண்டும், தசை உறிஞ்சப்போகும் திரவத்தை ஈடுகட்ட வேண்டும், சிறுநீரகத்தை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே பதில்: ரத்தக்குழாய் வழியாக நிறைய சலைன். அதுவும் மதகு திறப்பதற்கு முன்பே.

எனவே நன்கு பயிற்சி பெற்ற குழு என்ன செய்யும் என்றால், இடிபாட்டுச் சந்துக்குள் ஒருவர் தவழ்ந்து போவார். சிக்கியவரின் உடலில் கைக்கு எட்டுவது ஒரு முன்கை மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கையில் படிந்த புழுதியை ஈரத்துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் ரத்தக்குழாயைத் தேடி, ஊசியைப் போட்டு ட்ரிப்ஸ் ஏற்றுவார். பாட்டிலை மாட்ட இடம் இருக்காது, யாராவது கையில் பிடித்திருப்பார்கள், அல்லது பையை அழுத்திப் பிழிந்து ஏற்றுவார்கள். பெரியவருக்கு முதல் இரண்டு மணி நேரம் மணிக்கு ஒரு லிட்டர் என்பது பொதுவான அளவு, அதற்குப்பின் பாதியாகக் குறைப்பார்கள். பிறகுதான் பலகையைத் தூக்கும் வேலை. சாதாரண காயங்களுக்கு ஏற்றும் சில திரவங்களில் சிறிதளவு பொட்டாசியம் இருக்கும் என்பதால் இங்கே அவற்றைத் தவிர்த்து வெறும் சலைனையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இது பலன் தருமா? 1982 நவம்பரில் லெபனானின் டைர் நகரில் ஒரு பல மாடிக் கட்டடம் தகர்ந்து விழுந்தது. அதன் அடியில் கடுமையாக நசுங்கிய ஏழு பேருக்கு இடிபாட்டிலேயே திரவம் ஏற்றத் தொடங்கி, மருத்துவமனையிலும் தொடர்ந்தார்கள். ஏழு பேரில் ஒருவருக்குக்கூடச் சிறுநீரகம் செயலிழக்கவில்லை. 1984-இல் இந்த விவரம் மருத்துவ இதழில் வெளியானது. சீக்கிரம் ஏற்று, நிறைய ஏற்று என்ற கொள்கை உலகெங்கும் பரவியதற்கு அந்த ஏழு பேர் பெரிய காரணம். லண்டனில் இறந்த அந்த நால்வரையும் 1982-இல் பிழைத்த எழுவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அறிவு எப்படி உயிராக மாறுகிறது என்று எனக்குத் தோன்றும்.

இங்கே நிதானமாகப் படிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. "கல்லைத் தூக்கினால் இறந்துவிடுவார்" என்று அரைகுறையாகப் புரிந்துகொண்டு யாராவது கல்லைத் தூக்காமல் நின்றுவிட்டால் அது இன்னும் பெரிய கேடு. பதினைந்து நிமிடத்துக்கு மேல் நசுங்கியிருந்தால் விடுவிக்காதே என்ற பழைய முதலுதவி விதி சில பாடங்களில் இன்னும் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் இன்றைய முதலுதவி வழிகாட்டி அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்பாகச் செய்யமுடிந்தால் பாரத்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுங்கள் என்கிறது. காரணம் எளியது. ஒவ்வொரு நிமிடமும் இன்னும் கொஞ்சம் தசை சாகிறது. தலை, கழுத்து, மார்பு, வயிறு இவற்றின் மேல் பாரம் இருந்தால் யோசிக்கவே நேரம் கிடையாது, மூச்சு நின்றுவிடும். ஆக, மருத்துவக் குழு பக்கத்தில் இருந்தால் திரவத்தை முதலில் ஏற்றவேண்டும். குழு வருவதற்கு வழியே இல்லை என்றால் அதற்காகக் காத்திருந்து சிக்கியவரைக் கல்லுக்கு அடியிலேயே விட்டுவைக்கக் கூடாது.

பயிற்சி இல்லாத ஒருவரும் அங்கே பயனுள்ளவராக இருக்க முடியும். இடிபாட்டில் கிடப்பவர் எத்தனை மணிக்குச் சிக்கினார், உடலின் எந்தப் பகுதி அழுத்தப்பட்டிருக்கிறது என்ற இரண்டு தகவலையும் மீட்புக் குழுவிடம் சொல்லுங்கள். மருத்துவருக்கு அவை பொன் போன்றவை. அவருக்குக் குளிராமல் போர்த்துங்கள். ரத்தம் கொட்டினால் அழுத்திப் பிடியுங்கள். பேசிக்கொண்டே இருங்கள். வெளியே எடுத்த பிறகு "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று அவர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். நசுங்கல் நோயில் முதல் சில மணி நேரம் பலருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மருத்துவமனையில்

அங்கே போனதும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று சிறுநீர்க் குழாய் போடுவது. கட்டிலின் பக்கத்தில் தொங்கும் அந்தப் பையை முதல் இரண்டு நாள் மணிக்கு ஒருமுறை பார்ப்பார்கள். எத்தனை மில்லி சேர்ந்திருக்கிறது, என்ன நிறம்? தேநீர் நிறம் மெல்ல மெல்ல வெளிறி மஞ்சளாவதைப் பார்க்கும் செவிலியருக்கு ஸ்கேனில் தெரிவதைவிட அதிகம் தெரியும் என்றே சொல்லலாம். ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியையும் அளப்பார்கள். சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்கவேண்டியது, தசை நசுங்கியவர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஏறும். 5000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது என்று கணக்கிடுவார்கள்.

பொட்டாசியம் ஏறினால் அதற்கென்று மருந்துகள் உண்டு. கால்சியம் ஊசி இதயத்தைத் தற்காலிகமாகக் காக்கும். குளுக்கோஸோடு இன்சுலின் கொடுத்தால் பொட்டாசியம் மீண்டும் செல்களுக்குள் போகும். இவையெல்லாம் நேரம் வாங்கித் தரும் வழிகள், அவ்வளவே. சிறுநீரகம் நின்றுவிட்டால் டயாலிசிஸ்தான்.

அந்த டயாலிசிஸின் கதையும் இதே போரோடு பின்னிக் கிடக்கிறது. 1940 மே 10 அன்று ஜெர்மன் படைகள் நெதர்லாந்துக்குள் புகுந்தபோது வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் ஹேக் நகரில் இருந்தார். குண்டு விழும் நகரத்துக்கு ரத்தம் தேவைப்படும் என்று அங்கிருந்த மருத்துவமனையில் சில நாட்களிலேயே ஒரு ரத்த வங்கியை ஏற்படுத்தினார். பிறகு காம்பென் என்ற சிற்றூருக்குப் போய், ஆக்கிரமிப்புக் காலத்தில் கிடைத்த பொருட்களை வைத்து ஒரு செயற்கைச் சிறுநீரகத்தைக் கட்டினார். சாசேஜ் என்ற இறைச்சிப் பண்டத்துக்கு உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதை உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். ரத்தம் அந்தக் குழாய்க்குள் ஓடும்போது கழிவு வெளிநீருக்குள் கசிந்துவிடும். 1943-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். அவர் விடவில்லை. 1945 செப்டம்பரில் 67 வயதுப் பெண் ஒருவர் அந்த இயந்திரத்தால் பிழைத்தெழுந்தார். போர் முடிந்ததும் கோல்ஃப் தன் இயந்திரங்களை வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார். அதில் ஒன்று போய்ச் சேர்ந்த இடம் ஹேமர்ஸ்மித். அதை இயக்கி, அடிபட்டதால் சிறுநீர் நின்றுபோனவர்களுக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவர் பைவாட்டர்ஸ். நான்கு பேர் கண்ணெதிரே இறப்பதைப் பார்த்தவர் கைக்கு, சில ஆண்டுகளிலேயே அந்த மரணத்தைத் தடுக்கும் கருவி வந்தது.

இன்று பேரிடர்களில் டயாலிசிஸுக்கென்றே தனி ஏற்பாடு உண்டு. 1988-இல் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தபோது சிறுநீரகம் நின்றவர்களுக்குப் போதிய இயந்திரங்கள் இல்லாமல் போனது. அதற்கு அடுத்த ஆண்டு சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் ஒரு பேரிடர் உதவிக் குழுவை அமைத்தது. 1999-இல் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்தில் 639 பேருக்கு நசுங்கலால் சிறுநீரகப் பாதிப்பு வந்தது, 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நிலநடுக்கம் என்றாலும் குண்டு என்றாலும் கான்கிரீட்டுக்கு அடியில் உடல் நடந்துகொள்வது ஒரே மாதிரிதான்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சிறுநீரகச் செயலிழப்பு பெரும்பாலும் நிரந்தரமானது அல்ல. சில வாரங்கள் இயந்திரம் தாங்கிப் பிடித்தால் நுண்குழாய்கள் புதுச் செல்களை வளர்த்துக்கொள்ளும். பத்து மில்லி, ஐம்பது மில்லி என்று தொடங்கி, ஒரு நாள் திடீரென்று லிட்டர் கணக்கில் சிறுநீர் வரும். அந்த நாளுக்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள்.

காலின் கதை வேறு. தசைகள் நீட்சி இல்லாத உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கம் ஏறினால், கல் இல்லாமலேயே தசை தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். அப்போது அறுவை மருத்துவர் தோலையும் உறையையும் நீளமாகக் கீறித் திறந்துவிடுவார். நாட்கணக்கில் அந்தக் காயம் திறந்தே இருக்கும், தொற்று அபாயம் உண்டு, பிறகு தோல் ஒட்டவேண்டி வரும். எப்போது கீறுவது, எப்போது பொறுப்பது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. சில சமயம் காலைக் காப்பாற்றவே முடியாது. 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் குண்டால் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தார்கள். அங்கே இடிபாட்டுக்குள் சிக்கிய ஒருவரை வெளியே எடுக்க வேறு வழியே இல்லாமல், மருத்துவர்கள் உள்ளே தவழ்ந்துபோய் அந்த இடத்திலேயே காலை எடுக்க நேர்ந்தது.

காதும் நுரையீரலும்

குண்டு என்றால் இடிபாடு மட்டும் இல்லை. வெடிப்பின் அழுத்த அலை, காற்று நிறைந்த உறுப்புகளைத்தான் அதிகம் தாக்கும்: காது, நுரையீரல், குடல். நுரையீரலில் பட்ட அடி வெளியே தெரியாமல் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறலாக வரலாம். செவிப்பறை கிழிவது மிகவும் சாதாரணம். மீட்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இடிபாட்டில் கிடப்பவர் நீங்கள் கூப்பிடுவதற்குப் பதில் சொல்லவில்லை என்றால், மயங்கிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். காது கேட்காமல் இருக்கலாம். தோளைத் தொடுங்கள், முகத்துக்கு நேரே வந்து உதட்டை அசைத்துப் பேசுங்கள், முடிந்தால் எழுதிக் காட்டுங்கள். சிறிய கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் காதுக்குள் இரைச்சல் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நின்றுவிடும்.

வீட்டுக்குப் போன பிறகு

கைதட்டல் ஓய்ந்து, பார்க்க வருபவர்களும் குறைந்த பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் மிகக் குறைவாக எழுதப்படுகிறது.

நரம்பு நசுங்கியிருந்தால் பாதம் முன்பக்கமாகத் தொங்கிவிடும். நடக்கும்போது விரல் நுனி தரையில் தட்டும். அதைத் தாங்க முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை அணிந்து பழக வேண்டும். நரம்பு மீண்டும் வளரும், ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். முழங்கால் பக்கத்தில் அடிபட்ட நரம்பு பாதம் வரை வர எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மாதங்களில் மூட்டு இறுகாமல் இருக்க தினமும் பிசியோதெரபி செய்யவேண்டும். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் அதை விடாமல் செய்வதுதான் மிகக் கடினமான பகுதி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "இன்னுமா சரியாகவில்லை?" என்று கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி. சிறுநீரகம் தேறியவர்களும் ரத்தப் பரிசோதனையை அவ்வப்போது தொடர வேண்டும்.

மனம் தன் பாட்டுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கும். லிஃப்ட் கதவு மூடும்போது மூச்சு முட்டுவது, சிமென்ட் வாசனை வந்தால் வியர்ப்பது, விளக்கை அணைத்துத் தூங்கமுடியாமல் இருப்பது. பக்கத்தில் இருந்தவர் இறந்து தான் மட்டும் பிழைத்திருந்தால், ஏன் நான் என்ற கேள்வி விடாமல் அரிக்கும். முதல் சில வாரங்களில் இதெல்லாம் நோய் இல்லை. அவ்வளவு பெரிய அதிர்ச்சிக்கு மனம் அப்படித்தான் நடந்துகொள்ளும், பெரும்பாலோருக்குத் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்க்கையை முடக்கும் அளவுக்குத் தொடர்ந்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்துத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற அந்தப் பெயரைச் சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. என்கிறோம். அந்த நினைவைப் பாதுகாப்பான சூழலில், பயிற்சி பெற்றவரின் துணையோடு, படிப்படியாகச் சந்திக்கவைக்கும் பேச்சுச் சிகிச்சைகள் நன்றாக வேலை செய்கின்றன.

ஒரு காலத்தில், சம்பவம் நடந்த மறுநாளே பிழைத்தவர்களை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லவைத்தால் மனப்பாரம் இறங்கும் என்று நம்பினார்கள். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை, சிலருக்கு அது கெடுதலாகவும் முடிந்தது. இப்போது அப்படிச் செய்யவேண்டாம் என்றே வழிகாட்டிகள் சொல்கின்றன. முதல் நாட்களில் அவருக்குத் தேவை வேறு: பாதுகாப்பான இடம், சாப்பாடு, தூக்கம், குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்ற உண்மையான தகவல். அவராகப் பேசினால் கேட்கலாம். பேசவில்லை என்றால் தோண்டக் கூடாது.

சில மாதம் கழித்து ஒருநாள், டீ போட்டுக்கொண்டிருக்கும்போதோ பஸ்ஸுக்காக நிற்கும்போதோ, அவரே சொல்லத் தொடங்கலாம். பெரும்பாலும் வெடிச்சத்தத்தில் தொடங்கமாட்டார். இருட்டில் தன் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய குரலைப் பற்றியோ, முகத்தில் முதலில் பட்ட காற்றைப் பற்றியோ தொடங்குவார். அப்போது கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.